கவனம் சிதறாமல் வண்டி ஓட்டுவது எப்படி?

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரே வினாடியில் 22 மீட்டரைக் கடந்துவிடும் என்பதால், 5 வினாடி குறுஞ்செய்தியைப் பார்ப்பது 110 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். ஆகவே, வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே கைப்பேசியை ஒலியடக்கி, கைக்கு எட்டாதபடி பைக்குள் வைத்துவிடுங்கள். போகும் வழியையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் பிடிக்காமல் பேசினால் ஆபத்தில்லை என்று பலர் நம்புவது தவறு. கண் சாலையில் இருந்தாலும் மனம் பேச்சில் இருப்பதால், குறுக்கே ஓடிவரும் குழந்தையைக் கண்ட பின்னும் பிரேக்கை மிதிக்கக் கால் தாமதிக்கும். கைப்பேசியைப் பயன்படுத்தும் ஓட்டுநர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அவசர அழைப்பென்றால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் பேசுங்கள். நீங்கள் அழைத்தவர் வண்டி ஓட்டுகிறார் என்று தெரிந்தால், உடனே இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.