யூஆர்எல்லில் # குறிக்குப் பின்னால் வருவதன் பெயர் என்ன?

தோவாளைப் பூச்சந்தையில் சித்தப்பாவுக்குக் கடை. அன்றாட விலையைப் போட ஒரே பக்கத்தில் ஒரு தளம் செய்து கொடுத்தேன். பிச்சி, மல்லி, கிரேந்தி, அரளி என்று பக்கம் நீளமாக இறங்கும். "மக்ளே, மல்லி வெலை கேக்கவனுக்கு லிங்க் அனுப்புனா நேரா மல்லியிலதான் தொறக்கணும்" என்றார். செய்வது எளிதுதான். ஆனால் தேடிய இடமெல்லாம் ஒரே பொருளுக்கு வேறு வேறு பெயர் இருந்ததில் எனக்கு இரண்டு நாள் போனது.

படி 1: பெயர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

'விலை#மல்லி' என்ற முகவரியில் 'மல்லி'தான் ஃப்ராக்மென்ட். 2005இல் வந்த, யூஆர்எல் எழுதும் விதிகளை வகுக்கும் ஆர்எஃப்சி 3986 என்ற ஆவணம் சொல்லும் முறையான பெயர் இது. அதன் கணக்கில் # வெறும் பிரிப்புக்குறி, ஃப்ராக்மென்டில் சேராது. ஜாவாஸ்கிரிப்ட் இதையே ஹாஷ் என்கிறது, அதுவும் # குறியையும் சேர்த்து. பாஸ்வேர்டு ஹாஷுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆங்கர் என்பது லிங்க் போடும் 'ஏ' டேக். முன்பு அதே டேகில் 'நேம்' கொடுத்து, போய்ச் சேரும் இடத்தையும் குறித்தார்கள். அதனால்தான் சிலர் இன்றும் அந்த இடத்தையே ஆங்கர் என்கிறார்கள். இப்போது அந்த வேலைக்கு ஐடி (எந்த டேகுக்கும் கொடுக்கக்கூடிய தனிப்பெயர்) போதும்.

படி 2: ஐடி கொடுங்கள்

மல்லித் தலைப்புக்கு ஐடி 'மல்லி', லிங்க்கில் '#மல்லி'. ஐடிக்குள் இடைவெளி கூடாது. 'மாணிக்க மாலை'யை நான் 'மாணிக்க-மாலை' என்று வைத்தேன்.

படி 3: சர்வரிடம் தேடாதீர்கள்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். நேற்றைய மல்லி விலையைக் காட்ட 'விலை#மல்லி?நாள்=நேற்று' என்று லிங்க் எழுதினேன். பக்கம் திறந்தது, ஆனால் எப்போதும் இன்றைய விலைதான் வந்தது. மல்லிக்கும் இறங்கவில்லை. # குறிக்குப் பிறகு வரும் எதுவும், பக்கத்தை அனுப்பிவைக்கும் சர்வருக்குப் போகாது. கேள்விக்குறியும் நாளும் ஃப்ராக்மென்டுக்குள் விழுந்துவிட்டன. வடசேரியில் பஸ் ஏறி தோவாளைக்கு டிக்கெட் எடுக்கிறோம். சந்தைக்குள் எந்தக் கடைக்குப் போகிறோம் என்பது கண்டக்டருக்குத் தெரிய வேண்டியதில்லை. சர்வர் அந்தக் கண்டக்டர். கடையைக் கண்டுபிடிப்பது பிரவுசரின் வேலை. சரியான வரிசை: 'விலை?நாள்=நேற்று#மல்லி'.

சந்தேகம் இருந்தால் பைத்தானில் வரும் சின்ன லோக்கல் சர்வரை ஓட்டி, அதன் பதிவைப் பாருங்கள். இதற்கென்று பெரிய கருவி எதையும் நிறுவ வேண்டாம் என்பது என் கருத்து.

படி 4: ஜாவாஸ்கிரிப்டில் படிப்பது

லிங்க்கில் வந்த பூவுக்கு மஞ்சள் நிறம் போட நினைத்தேன். லொகேஷன்.ஹாஷை 'மல்லி'யோடு ஒப்பிட்டால் ஒருபோதும் பொருந்தாது. முன்னால் # இருக்கிறது. அதோடு, தமிழ் எழுத்துகள் சதவீதக் குறிகளாக மாறி வரும்: 'மல்லி' என்ற சொல் மட்டும் 45 எழுத்தாக நீளும். முதல் எழுத்தை வெட்டிவிட்டு, சதவீதக் குறிகளைத் திரும்பத் தமிழாக்கும் டீகோட்-யூஆர்ஐ-கம்போனென்ட் வழியாக அனுப்பி, அப்புறம் ஒப்பிடுங்கள். முகவரியில் வெறும் # மட்டும் இருந்தால் ஹாஷ் காலியாகத்தான் வரும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துச் செய்த ஒருவருக்கு எல்லாப் பூவும் வேலை செய்து, கோழிக்கொண்டை மட்டும் இறங்கவில்லை. கண்ணுக்கு ஐடியும் லிங்க்கும் ஒன்றேதான். பிரவுசரின் கன்சோலில் இரண்டின் நீளத்தையும் பார்க்கச் சொன்னேன்: ஒன்று 12, மற்றது 14. 'கோ', 'கொ' இரண்டிலும் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, பிரவுசருக்கு அவை வேறு வேறு சொற்கள். அவர் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பில் இருந்து பெயரை நகலெடுத்திருக்கிறார். ஐடியை அழித்துவிட்டு, லிங்க் எழுதிய அதே கீபோர்டில் மறுபடி அடித்ததும் சரியானது. பெயர்கள் நிறைய இருந்தால், ஐடியையும் லிங்க்கையும் உருவாக்கும்போதே இரண்டையும் என்எஃப்சி முறையில் (பிரிந்த குறிகளை ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோட் முறை) நார்மலைஸ் செய்துவிடுங்கள்.