லேன் கேபிள் இல்லாமல் புரொக்ஸ்மாக்ஸ்: வைஃபை வழியாக விஎம்களுக்கு நெட் கொடுப்பது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்களால் கேபிள் இழுக்க முடியும் என்றால் இழுத்துவிட்டு இந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். நான் இருப்பது வாடகை வீடு. ரூட்டர் கீழே ஹாலில், சர்வராக மாற்றிய பழைய திங்க்பேட் டி450 மாடி அறையில், சுவரில் ஓட்டை போட ஹவுஸ் ஓனர் சம்மதிக்கவில்லை. வேறு வழியில்லாமல்தான் வைஃபைக்கு வந்தேன், அதில் இரண்டு வார இறுதிகள் போயின.

ஒரே மெஷினுக்குள் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் சிஸ்டமான புரொக்ஸ்மாக்ஸை இன்ஸ்டால் செய்வது, இலவச ரெப்போவுக்கு மாற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். இன்ஸ்டாலருக்கு வைஃபை தெரியாது, அதனால் அந்த ஒரு நாள் மட்டும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் ரூட்டர் பக்கத்தில் வைத்து கேபிள் மாட்டிக்கொள்ளுங்கள். கமாண்டுகளை போனில் சொல்லித்தருவது போலத்தான் எழுதியிருக்கிறேன், கேட்டு அடித்துக்கொள்ளுங்கள்.

படி 1: கேபிள் இருக்கும்போதே வேண்டியதை இறக்குங்கள்

ஆப்ட் மூலம் மூன்று பேக்கேஜ் போதும்: டபிள்யூபிஏ சப்ளிகன்ட், ஐடபிள்யூ, ஆர்எஃப்கில். நெட்வொர்க் மேனேஜரைப் போடாதீர்கள். டெஸ்க்டாப்பில் அது நல்ல பிள்ளை, ஆனால் புரொக்ஸ்மாக்ஸ் தன் நெட்வொர்க்கை இஃப்அப்டவுன்2 என்ற கருவியை வைத்து நடத்துகிறது, ஒரே கார்டுக்கு இரண்டு முதலாளி வேண்டாம்.

இன்டெல் வைஃபை கார்டு என்றால் ஃபர்ம்வேர் ஏற்கனவே புரொக்ஸ்மாக்ஸின் சொந்த ஃபர்ம்வேர் பேக்கேஜிலேயே இருக்கும். டெபியன் வழிகாட்டி எதையாவது பார்த்துவிட்டு அதன் ஃபர்ம்வேர் பேக்கேஜைப் போடப் போனால், புரொக்ஸ்மாக்ஸையே கழற்றிவிடப் பார்க்கும். நல்லவேளை, எச்சரிக்கை கொடுத்து நின்றுவிடும். அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் வழியையும் அதுவே சொல்லும், அதைப் பின்பற்றாதீர்கள்!

ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று அடித்துப் பாருங்கள். சாஃப்ட் பிளாக் என்று இருந்தால் ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை. ஹார்டு பிளாக் என்றால் லேப்டாப்பின் ஓரத்தில் சின்ன ஸ்விட்ச் எங்காவது இருக்கும், தேடுங்கள்.

படி 2: சர்வரை வைஃபையில் சேர்ப்பது

ஐபி லிங்க் என்று அடித்தால் உங்கள் வைஃபை கார்டின் பெயர் வரும். என்னுடையது டபிள்யூஎல்பி3எஸ்0. இந்தப் பெயரை ஒரு தாளில் எழுதி வையுங்கள், ஏன் என்று படி 4-இல் புரியும்.

டபிள்யூபிஏ பாஸ்ஃப்ரேஸ் கமாண்டுக்கு வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் ஒரு சின்ன கான்ஃபிக் கொடுக்கும். அதை டபிள்யூபிஏ சப்ளிகன்ட் போல்டருக்குள் சேமியுங்கள். ஃபைலின் பெயர் டபிள்யூபிஏ சப்ளிகன்ட், ஒரு ஹைஃபன், அப்புறம் உங்கள் கார்டின் பெயர், கடைசியில் டாட் கான்ஃப். ஒரு எழுத்து பிசகினாலும் சர்வீஸ் அதைக் கண்டுகொள்ளாது. உள்ளே ஹேஷ் குறிக்குப் பின்னால் உங்கள் பாஸ்வேர்டு அப்படியே பளிச்சென்று இருக்கும், அந்த வரியை அழித்துவிட்டு ஃபைல் பர்மிஷனை 600 ஆக்குங்கள். சிஸ்டம்சிடிஎல் எனேபிள் கொடுக்கும்போதும் சர்வீஸ் பெயர், அட் குறி, கார்டின் பெயர் என்று சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

படி 3: பிரிட்ஜ் ஏன் வேலை செய்யாது

நான் முதலில் செய்தது, நீங்களும் செய்யப்போவது: புரொக்ஸ்மாக்ஸின் வெப் பக்கத்தில், விஎம்களை வெளி நெட்வொர்க்கோடு இணைக்கும் விஎம்பிஆர்0 பிரிட்ஜைத் திறந்து, லேன் கார்டு இருந்த இடத்தில் வைஃபை கார்டைப் போட்டு அப்ளை அழுத்துவது. ‘ஆபரேஷன் நாட் சப்போர்ட்டட்’ என்று வந்தது. எங்கோ படித்துவிட்டு ஐடபிள்யூ கமாண்டில் 4 அட்ரஸ் மோடை ஆன் செய்தேன். பிரிட்ஜ் கார்டை ஏற்றுக்கொண்டது, ஆனால் வைஃபையே செத்துப்போனது. அந்த மோடுக்கு ரூட்டரும் ஒத்துழைக்க வேண்டும், வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலும் ஒத்துழைப்பதில்லை.

காரணம் எளிது. பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே வந்த மேக் அட்ரஸ் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) மட்டும்தான் ரூட்டருக்குத் தெரியும். விஎம் ஒவ்வொன்றுக்கும் தனி மேக் அட்ரஸ் உண்டு, அந்தப் பெயரில் பாக்கெட் வந்தால் ரூட்டர் தூக்கிப் போட்டுவிடும். ரேஷன் கார்டில் பெயர் இல்லாத ஆளுக்கு அரிசி கிடையாது, அவ்வளவுதான். அப்போது என்ன செய்வோம்? கார்டு வைத்திருப்பவர் எல்லாவற்றையும் தன் பெயரில் வாங்கி வந்து வீட்டுக்குள் பிரித்துக் கொடுப்பார். நாட் (என்ஏடி, முகவரியை மாற்றி அனுப்புவது) என்பது அதுதான்.

படி 4: நாட், நான் மாட்டிக்கொண்ட இடம்

இதை வெப் பக்கத்தில் வரும் ஷெல்லில் செய்யாதீர்கள். அது நுனிக்கொம்பில் உட்கார்ந்துகொண்டு அடிக்கொம்பை வெட்டும் வேலை. லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, நெட்வொர்க் போல்டரில் இருக்கும் இன்டர்ஃபேசஸ் ஃபைலை நானோ எடிட்டரில் திறங்கள். (விம் ஆட்கள் கோபிக்க வேண்டாம்.)

வைஃபை கார்டுக்கு ஸ்டாட்டிக் ஐபி கொடுங்கள், ரூட்டர் தானாக ஐபி கொடுக்கும் டிஎச்சிபி வரம்புக்கு வெளியே உள்ளதாக. நான் கொடுத்தது 192.168.1.50, கேட்வே 192.168.1.1. விஎம்பிஆர்0-க்கு 10.10.10.1/24 என்று கொடுத்து, பிரிட்ஜ் போர்ட்ஸ் வரியில் நன் (எதுவுமில்லை என்ற ஆங்கிலச் சொல்) என்று எழுதுங்கள். அங்கே பழைய கேட்வே வரி இருந்தால் கட்டாயம் அழியுங்கள். இரண்டு கேட்வே இருந்தால் பாக்கெட் இல்லாத கேபிளைத் தேடிப் போகும்.

அதன் கீழே போஸ்ட்-அப் வரிகள் இரண்டு: ஒன்று ஐபி ஃபார்வர்டை 1 ஆக்க, இன்னொன்று 10.10.10.0/24-இலிருந்து வருவதை மசகுரேட் செய்யும், அதாவது அனுப்புநர் முகவரியைச் சர்வருடையதாக மாற்றும், ஐபிடேபிள்ஸ் வரி. அதே வரியை போஸ்ட்-டவுனில் ஏ-வுக்குப் பதில் டி போட்டு எழுதுங்கள். இவை புரொக்ஸ்மாக்ஸின் ஆவணத்திலேயே இருக்கின்றன, நானும் அங்கிருந்துதான் காப்பி அடித்தேன். வினை அங்கேதான்.

மாற்றங்களை அமல்படுத்த இஃப்ரீலோட் கொடுத்தேன். கன்டெய்னருக்கு (விஎம் போலத்தான், ஆனால் இலகுவானது) 10.10.10.20, கேட்வே 10.10.10.1 என்று கொடுத்து உள்ளே போய் பிங் செய்தேன். 10.10.10.1 பதில் சொன்னது. 192.168.1.50-உம் பதில் சொன்னது. 192.168.1.1 மட்டும் மௌனம். ஒரு சனிக்கிழமை முழுக்க டிஎன்எஸ், ஃபயர்வால், ரூட்டர் என்று எல்லோர் மேலும் சந்தேகப்பட்டேன். ராத்திரி, போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை வைஃபை கார்டின் மேல் ஓடவிட்டேன். பாக்கெட் வெளியே போய்க்கொண்டுதான் இருந்தது, ஆனால் அனுப்புநர் இடத்தில் 10.10.10.20 என்றே இருந்தது. பெயரை மாற்றவே இல்லை!

ஆவணத்தில் இருக்கும் ஐபிடேபிள்ஸ் வரியில் வெளியேறும் கார்டு இஎன்ஓ1 என்று இருக்கும். அதை என் வைஃபை கார்டின் பெயருக்கு மாற்ற மறந்திருந்தேன். அப்படி ஒரு கார்டே மெஷினில் இல்லாவிட்டாலும் ஐபிடேபிள்ஸ் வாயைத் திறக்காது, வரியைச் சமத்தாக வாங்கி வைத்துக்கொள்ளும். நீங்கள் சரிபார்க்க, நாட் டேபிளின் போஸ்ட்ரூட்டிங் செயினை வி ஆப்ஷனோடு லிஸ்ட் செய்யுங்கள். பிங் ஓடும்போதும் மசகுரேட் வரிக்கு நேரே பாக்கெட் எண்ணிக்கை 0 என்றே நின்றால் உங்களுக்கும் இதே கதைதான்.

படி 5: போனிலிருந்து விஎம்மைப் பார்க்க

இப்போது விஎம் வெளியே போகும், வெளியிலிருந்து யாரும் அதைத் தொட முடியாது. ரூட்டரில் ஸ்டாட்டிக் ரூட் போட இடம் இருந்தால் 10.10.10.0/24-க்கு வழி 192.168.1.50 என்று போட்டுவிடுங்கள், அதுதான் சுத்தம். என் ரூட்டரில் அந்தப் பக்கத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், அதனால் ப்ரீரூட்டிங்கில் டிநாட் வரி எழுதி, மீடியா சர்வரான ஜெல்லிஃபின்னுக்கு 8096 போர்ட்டை மட்டும் 10.10.10.20-க்குத் திருப்பிவிட்டேன். டிஎச்சிபிக்காக டிஎன்எஸ்மாஸ்க் போடலாம், ஆனால் நாலு கன்டெய்னருக்குக் கையாலேயே ஐபி கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், லேப்டாப் ஸ்கிரீனில் பழைய ஐபி முகவரியே காட்டுகிறது, வெப் பக்கத்தின் 8006 போர்ட் திறக்கவில்லை என்று எழுதியிருந்தார். அந்த அறிவிப்பு ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்த்து வருவது. அங்கே ஐபியைப் புதிதாக்கிவிட்டு ரீபூட் செய்யுங்கள். இதை நான் எழுத மறந்தது தப்புதான்.

இன்னொருவருக்கு எஸ்எஸ்எச் விட்டு விட்டுத் திணறியது. வைஃபையின் பவர் சேவ் வேலை, ஐடபிள்யூ மூலம் ஆஃப் செய்ததும் சரியானது. ரீபூட்டில் திரும்ப வராமல் இருக்க அதையும் வைஃபை கார்டின் கீழ் ஒரு போஸ்ட்-அப் வரியாகப் போடுங்கள்.

விஎம்மில் புரொக்ஸ்மாக்ஸ் ஃபயர்வாலை டிக் செய்ததும் நெட் போய்விட்டது என்றால், ரா டேபிளில் கான்ட்ராக் ஸோன் வரி ஒன்று வேண்டும். மசகுரேட் எடுத்த அதே ஆவணப் பக்கத்தில் அதற்குச் சற்றுக் கீழே இருக்கிறது, அதில் கார்டு பெயர் மாற்ற வேண்டியதில்லை.

அப்புறம், மூடியை மூடினால் சர்வர் காணாமல் போகிறது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். அது வைஃபை இல்லை, லேப்டாப் தூங்கப் போகிறது. லாகின்ட் கான்ஃபிக்கில் ஹேண்டில் லிட் ஸ்விட்ச் வரியின் ஹேஷை எடுத்துவிட்டு இக்னோர் என்று மாற்றுங்கள்.