துணை மின்நிலைய மதில்: கருத்துக்கேட்பில் எதைக் கேட்பது, எப்படி எழுதுவது

துணை மின்நிலையத்துக்கு மதில் கட்டப்போகிறோம், கருத்துச் சொல்லுங்கள் என்று அறிவிப்பு வந்தால் வழக்கமாக இரண்டு வகை பதில்கள் குவியும். ஒன்று, "சுவர் பார்க்கச் சகிக்காது, வேண்டாம்". இன்னொன்று, "பச்சை நிறம் அடியுங்கள்". முதலாவதை வைத்து வடிவமைப்பாளர் ஒரு கோடுகூட மாற்ற முடியாது. இரண்டாவது, எல்லாம் முடிவான பிறகும் செய்யக்கூடியது. சுவர் எங்கே வருகிறது, எவ்வளவு உயரம், எந்தப் பொருள் என்பவை முடிவாகும் முன்பே, இடத்தையும் அளவையும் சுட்டி எழுதுங்கள். அப்போதுதான் வரைபடம் மாறும்.

முதலில், எது முடிவாகிவிட்டது, எது இன்னும் பேசக்கூடியது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாதுகாப்பு விஷயத்தில் பேரத்துக்கு இடம் குறைவு. அதற்குக் காரணம் உண்டு. 2013 ஏப்ரல் 16 அன்று கலிஃபோர்னியாவில் சான் ஹோசே அருகே மெட்காஃப் துணை மின்நிலையத்தை வேலிக்கு வெளியே நின்று யாரோ துப்பாக்கியால் சுட்டார்கள். 17 டிரான்ஸ்ஃபார்மர்கள் சேதமாயின. அங்கே இருந்தது கம்பிவலை வேலி, உள்ளே இருப்பது அத்தனையும் தெரியும். டிரான்ஸ்ஃபார்மரின் ரேடியேட்டர் மெல்லிய தகடு. துளை விழுந்தால் எண்ணெய் வடிந்து, குளிர்விக்க வழியில்லாமல் கருவி சூடேறிவிடும். அடுத்த ஆண்டே வட அமெரிக்காவில் முக்கிய மின்நிலையங்களுக்கு சிஐபி-014 என்ற பாதுகாப்பு விதி வந்தது. கவனியுங்கள்: அந்த விதி சுவர் இத்தனை அடி என்று சொல்லவில்லை. ஆபத்தை மதிப்பிட்டு அதற்கேற்ற திட்டம் போடச் சொல்கிறது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: "நான்கு பக்கமும் மூடிய சுவர் தேவையா, டிரான்ஸ்ஃபார்மர் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் மட்டும் போதுமா?" மற்ற பக்கங்களுக்கு '358' வகை வெல்டு மெஷ் (பற்றவைத்த நெருக்கமான கம்பிவலை) போதுமானதாக இருக்கலாம். அதன் கண்ணி 76.2 × 12.7 மி.மீ., கம்பி 4 மி.மீ. விரலையோ கால்விரலையோ நுழைத்து ஏற முடியாது, கம்பி வெட்டும் கட்டரின் வாயும் எளிதில் நுழையாது, காற்றும் வெளிச்சமும் தடைபடாது. கேமரா எங்கே, சுவர் எந்தக் குண்டைத் தாங்கும் என்பதையெல்லாம் கேட்காதீர்கள். சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது.

அடுத்தது உயரம். அதிகம் ஏமாறுவது இங்கேதான். வரைபடத்தில் 3 மீட்டர் என்று இருந்தால், எந்தத் தரையிலிருந்து 3 மீட்டர் என்று கேளுங்கள். வெள்ளம் புகாமலிருக்க மின்நிலையத் தரையை மண்ணிட்டு உயர்த்துவது வழக்கம். உள்தரை தெருவைவிட 1.3 மீட்டர் மேலே இருந்தால், உங்கள் வாசலில் நிற்பது 4.3 மீட்டர் சுவர். தெருமட்டமும் உள்மட்டமும் சேர்ந்து தெரியும் குறுக்குவெட்டுப் படத்தை ஒவ்வொரு பக்கத்துக்கும் கேட்டு வாங்குங்கள். நிழலை நீங்களே கணக்கிடலாம்: சூரியன் 30 டிகிரி உயரத்தில் இருக்கும்போது 4 மீட்டர் சுவரின் நிழல் ஏறக்குறைய 7 மீட்டர், 20 டிகிரியில் 11 மீட்டர். உயரம் உண்மையில் எப்படித் தெரியும் என்பதற்கு, மூலைகளில் கழி நட்டு மேலே கயிறு கட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நாள் வேலைதான்.

சத்தத்தைக் குறைக்க உயரத்தைக் கூட்டச் சொல்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மூடிய சுவர் காற்றை முழுக்க வாங்கும். நொடிக்கு 40 மீட்டர் வேகக் காற்று சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். உயரம் இரண்டு மடங்கானால் அடியில் கவிழ்க்கும் விசை நான்கு மடங்கு. அடித்தளம் பெரிதாகும், தெருவோர மரவேர்கள் வெட்டுப்படும்.

அந்த உயரமும் ரீங்காரத்துக்குப் பெரிதாக உதவாது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் 100 ஹெர்ட்ஸில் முனகும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 120. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர், கிட்டத்தட்டச் சுவரின் உயரமே. அத்தகைய ஒலி சுவருக்கு மேலாக வளைந்து இறங்கிவிடும். விசிறிகளின் இரைச்சலைச் சுவர் நன்றாகத் தடுக்கும், ரீங்காரத்தை அல்ல. எல்லைச்சுவரை உயர்த்துவதைவிட, டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டித் தடுப்பு வைப்பதும், குறைந்த சத்தமுள்ள கருவியைத் தேர்ந்தெடுப்பதும் பலன் தரும். தடுப்பை நெருக்கினால் காற்றோட்டம் குறையும் என்பார்கள். நியாயமான பதில்தான், அதற்கான கணக்கைக் கேளுங்கள். சத்த அறிக்கை வெறும் ஏ-எடையிட்ட டெசிபலில் (காதுக்குக் குறைவாகக் கேட்கும் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் கணக்கிடும் அளவில்) மட்டும் இருந்தால் ஏற்காதீர்கள். அந்த அளவீடு 100 ஹெர்ட்ஸ் ஒலியில் சுமார் 19 டெசிபலைக் கழித்துவிடுகிறது. ஒலியை அதிர்வெண் வாரியாகக் குறுகிய பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் மூன்றிலொரு ஆக்டேவ் பட்டை அளவுகளை, இரவு நேரத்துக்கு, உங்கள் படுக்கையறை ஜன்னல் உயரத்தில் கேளுங்கள்.

சுவரில் உலோகச் சிற்பம், கொடி படர இரும்புச் சட்டம் என்று கேட்பவர்கள் எர்த்திங்கை (உலோகப் பாகங்களை நிலத்தோடு இணைக்கும் பாதுகாப்பு ஏற்பாட்டை) மறந்துவிடுகிறார்கள். உள்ளே மின்கசிவுப் பிழை நேரும் நொடியில் நிலத்தின் மின்னழுத்தமே உயரும்; அப்போது வெளியே நின்று உலோகத்தைத் தொடுபவருக்கு உயிராபத்து. அதனால்தான் உலோக வேலிக்கு வெளியேயும் ஏறத்தாழ 1 மீட்டர் தள்ளிச் செப்புக் கம்பி புதைத்து, மேலே ஜல்லி பரப்புவார்கள். அலங்காரம் வேண்டுமானால் கான்கிரீட் பலகையிலேயே வார்த்த வடிவங்களைக் கேளுங்கள். கோடுகள் செங்குத்தாக இருக்கட்டும். கிடைமட்டப் பள்ளம் கால் வைக்கும் படியாகிவிடும்.

மரம் சுவரை ஒட்டி வேண்டாம், ஏறுவதற்கு ஏணியாகும். படத்தில் காட்டும் மரங்கள் பெரும்பாலும் வளர்ந்து முதிர்ந்தவை. முதல் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் எப்படித் தெரியும் என்று தனித்தனிப் படம் கேளுங்கள். மழைநீர் இதுவரை எந்தப் பக்கம் ஓடியதோ அங்கே சுவர் அணைபோல நிற்கும். வடிகால் துளைகளின் இடமும் தண்ணீர் போய்ச் சேரும் இடமும் வரைபடத்தில் இருக்க வேண்டும்.

இவற்றை இப்படி எழுதலாம்:

"வடக்குச் சுவர், வாயிற்கதவுக்குக் கிழக்கே 20 முதல் 55 மீட்டர் வரை. தெருமட்டத்திலிருந்து உயரம் 4.3 மீட்டர், ஒட்டிய நடைபாதை அகலம் 1.2 மீட்டர். இந்த 35 மீட்டரில் சுவரை 1.5 மீட்டர் உள்ளே தள்ளவும். முடியாதெனில், எந்தக் கருவிக்கான இடைவெளி தடுக்கிறது என்பதைத் தெரிவிக்கவும்."

ஒரு கருத்துக்கு ஒரு பத்தி, ஒரு கோரிக்கை. ஐந்து கோரிக்கைகளை ஒரே பத்தியில் குழைத்தால் எளிதான ஒன்றுக்கு மட்டும் பதில் வரும். வரைபட எண்ணையும் தேதியையும் மேலே குறியுங்கள். இடையில் வரைபடம் மாறினால் உங்கள் கருத்து பழையதற்குரியது என்று ஒதுக்கப்படாமலிருக்க இது உதவும். கெடு நாளுக்கு முன்பே கொடுத்து, பெற்றதற்கு ரசீது வாங்குங்கள்.

நிறமும் மேற்பரப்பும் கடைசி. கணினிப் படத்தை நம்பி ஒப்புக்கொள்ளாமல், ஒரு மீட்டர் சதுர மாதிரிப் பலகையை அதே இடத்தில், வெயில் படும் திசையில் நிறுத்தச் சொல்லுங்கள். காய்ந்திருக்கும்போது ஒரு முறை, தண்ணீர் ஊற்றி நனைத்து ஒரு முறை பாருங்கள். ஒரு மூலையில் பெயிண்டால் கிறுக்கி, மறுநாள் கழுவிக் காட்டச் சொல்லுங்கள். கறை போகாவிட்டால் வேறு பூச்சு கேட்க வேண்டியது அந்த நாளில்தான்.