பறவைக்குத் தண்ணீர் வைக்கும்போது செய்யக்கூடாதவை

பங்குனி பிறந்தாலே நண்பர்களிடமிருந்து படங்கள் வந்துவிடும்: மாடியில், தோட்டத்தில், பறவைக்காக வைத்த தண்ணீர். ஒரு காலத்தில் என் தோட்டத்தில் நடந்த அதே தவறுகள் அவற்றில் தெரியும். தண்ணீரைத் தினமும் மாற்றச் சொல்லத் தேவையில்லை, அது எல்லோருக்கும் தெரியும்.

ஆழமான பாத்திரம்

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. தெரிந்த ஒருவர் வீட்டில் வழவழப்பான பெரிய பீங்கான் தொட்டி வைத்திருந்தார்கள். அழகுதான். ஒருநாள் காலை அதில் ஒரு தையல்சிட்டு செத்து மிதந்தது. "நிறையத் தண்ணீர் இருக்கட்டுமேன்னுதான் வச்சோம்" என்றார் அந்த அம்மா. நல்ல மனசுதான், ஆனால் போனது ஓர் உயிர்.

தையல்சிட்டு பத்து கிராம்கூடத் தேறாது. நீந்தத் தெரியாது. இறகு முழுக்க நனைந்தால் எழும்பவும் முடியாது. விளிம்பு வரை தண்ணீர் இருந்தால் உட்கார்ந்தபடியே குடித்துவிடும். வெயிலில் பாதி வற்றிய பிறகுதான் ஆபத்து: எட்டிக் குனியும், சறுக்கும், ஏறி வரப் பிடி கிடைக்காது.

பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற அகலமான மண் தட்டே போதும். ஓரத்தில் 2 செ.மீ., நடுவில் 5 செ.மீ.க்கு மேல் வேண்டாம். சொரசொரப்பான கல் ஒன்றை நடுவில், தண்ணீருக்கு மேலே தெரியும்படி வையுங்கள். சின்னான் என்னும் கொண்டைக்குருவி நேராகத் தட்டில் இறங்கிக் குளிக்கும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து முறைவைத்து இறங்கும். தேன்சிட்டு ஈர இலையில் உடம்பைத் தேய்த்தே குளித்துவிடும். அதற்காகப் பக்கத்துச் செடியிலும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிடுங்கள்.

புதரை ஒட்டி வைப்பது

பூனை ஒளிய இடம். 2, 3 மீட்டர் தள்ளி வையுங்கள். ஆனால் தலைக்கு மேலே ஒரு கிளை வேண்டும். நனைந்த பறவை முதலில் அங்கேதான் போய் இறகு கோதும்.

தேய்க்காமல் ஊற்றுவது

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டிவிடும். காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் சாகாது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். சோப்பு வேண்டாம்.

கோடை முடிந்ததும் எடுத்துவிடுவது

எடுக்காதீர்கள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக்குருவிக்கும் தண்ணீர் வேண்டும்.

கைப்பேசியில் பறவைக் குரல் போட்டு அழைப்பது

கூடவே கூடாது. அங்கே வாழும் பறவை, தன் எல்லைக்குள் இன்னொன்று நுழைந்துவிட்டது என்று நினைத்து, இரை தேடுவதையும் குஞ்சையும் விட்டுவிட்டு அலையும்.