காற்றுக்கு ஒரு ஸ்லைடர்: ஸ்கிராட்சில் படகு விளையாட்டு

கடலூர் முதுநகரில் அக்கா பையன் ஸ்கிராட்சில், அதாவது கட்டளைக் கட்டைகளை அடுக்கி நிரல் எழுதும் மென்பொருளில், ஒரு படகு செய்து வைத்திருந்தான். அம்பு விசையை அழுத்தினால் போகும், வரும், அவ்வளவுதான். "காத்தே இல்லாத கடலா இருக்கே மாமா" என்றான். சரி, விளையாடிக்கொண்டே கூட்டிக் குறைக்கிற மாதிரி காற்றைச் சேர்ப்போம்.

மேடையின் (படகு ஓடும் திரைப் பகுதி) இடப்பக்கம் கரை, வலப்பக்கம் கடல். நம் ஊரில் கடல் கிழக்கேதானே!

முதலில் 'மேக் எ வேரியபிள்' அழுத்தி, மாறும் எண்ணை வைத்துக்கொள்ள ஒரு வேரியபிள் செய்து, 'காற்று' என்று பெயர் வையுங்கள். தமிழ்ப் பெயரே போதும். மேடையின் மூலையில் சின்னப் பெட்டி ஒன்று வரும். அதன்மேல் வலது கிளிக் செய்து 'ஸ்லைடர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்; எண்ணைத் தள்ளி மாற்றும் பட்டை வரும்.

அப்புறம் படகுக்கு வாருங்கள். பச்சைக் கொடிக் கட்டையின் கீழ் 'ஃபாரெவர்' (உள்ளிருப்பதைத் திரும்பத் திரும்பச் செய்யும்), அதற்குள் 'சேஞ்ச் எக்ஸ் பை' (படகை இடம் வலமாக நகர்த்தும்). அதிலிருக்கும் 10-இன் மேல் 'காற்று' கட்டையை இழுத்துப் போடுங்கள்.

ஓட்டிப் பாருங்கள். ஸ்லைடரைத் தொட்டதுமே படகு வலது விளிம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். எல்லாம் கணக்குதான். ஃபாரெவர் நொடிக்குச் சுமார் 30 முறை சுற்றுகிறது. காற்று 5 என்றாலே நொடிக்கு 150 புள்ளி; மேடையின் அகலமே 480தான். ஸ்லைடரோ 0 முதல் 100 வரை போகிறது. அதுவும் 0-க்குக் கீழே இறங்காது, படகு கரை திரும்ப வழியில்லை.

மறுபடி வலது கிளிக், 'சேஞ்ச் ஸ்லைடர் ரேஞ்ச்'. குறைந்தபட்சம் -1.0, அதிகபட்சம் 1.0. அந்தத் தசமப் புள்ளியையும் சைபரையும் விட்டுவிடாதீர்கள். வெறும் -1, 1 என்று கொடுத்தால் ஸ்லைடர் மூன்றே இடத்தில் நிற்கும். புள்ளி வைத்தால் 0.01 அளவில் நகரும். இப்போது முழுக் காற்றிலும் மேடையைக் கடக்க 16 நொடி ஆகும். ஸ்லைடரை இடப்பக்கம் தள்ளினால் கொண்டல் (கீழைக் காற்று), படகு கரைக்கு வரும். வலப்பக்கம் தள்ளினால் கச்சான் (மேலைக் காற்று), கடலுக்குள் இழுக்கும்.

ஒவ்வொரு ஆட்டமும் காற்றில்லாமல் தொடங்க 'செட் காற்று டு 0' வேண்டும். இது ஃபாரெவருக்கு மேலே வரவேண்டும். பையன் உள்ளே போட்டுவிட்டான். ஸ்லைடரை எவ்வளவு தள்ளினாலும் நடுவுக்கே ஓடி வந்தது. கட்டையைப் பார்க்காமல் கால் மணி நேரம் மவுஸைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

ஸ்லைடரைத் தொட்ட பிறகு அம்பு விசைக்குப் படகு அசையாமல் ஸ்லைடர் நகர்ந்தால், மேடையில் காலியான இடத்தில் ஒரு கிளிக் செய்யுங்கள். விசை படகுக்குத் திரும்பிவிடும்.