தொகாகுஷி மலைக்கோயிலுக்குப் போகும் முன்

ஜப்பானில் கியோட்டோவின் பெரிய கோயில்களைப் பார்த்து முடித்தவர்களை நான் அனுப்பி வைப்பது தொகாகுஷி மலைக்குத்தான். நாகானோ ரயில் நிலையத்திலிருந்து பேருந்தில் சுமார் ஒரு மணி நேரம். வண்டிகள் அடிக்கடி கிடையாது; இறங்கியதுமே திரும்பும் நேர அட்டவணையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சில்லறையும் இருக்கட்டும்.

இங்கே ஐந்து கோயில்கள் உண்டு. ஒரே நாளில் ஐந்தையும் பார்க்க ஓட வேண்டாம். ஆக உள்ளே இருக்கும் ஒகுஷா கோயில் ஒன்றுக்கு நிதானமாகப் போனால் போதும். சூரியதேவி ஒளிந்த குகையின் கல்கதவைத் திறந்த தெய்வம் குடியிருப்பது அங்கேதான். அவர் வீசியெறிந்த கதவுதான் இந்த மலை என்பது ஐதீகம்.

தோரி எனும் கோயில் நுழைவாயிலில் நின்று ஒருமுறை தலைவணங்குங்கள். பாதையின் நடுப்பகுதி தெய்வத்துக்கு உரியது, ஓரமாக நடப்பதே மரியாதை. சுமார் இரண்டு கிலோமீட்டர் நடை. பாதி வழியில் கூரை வேய்ந்த சிவப்பு வாயில் வரும். அதைத் தாண்டினால் இருபுறமும் நானூறு வயதைக் கடந்த ஜப்பானிய சிடார் மரங்கள். கடைசியில் படிகள் செங்குத்து, நல்ல காலணி அவசியம்.

ஜப்பானின் பாரம்பரிய மதமான ஷிண்டோவின் கோயில்களில் பெரும்பாலும், கும்பிடும் முன் கைகழுவ ஒரு தொட்டி இருக்கும். ஒரே அகப்பைத் தண்ணீரில் எல்லாம் முடிய வேண்டும். முதலில் இடக்கை, அப்புறம் வலக்கை. பிறகு இடது உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி வாய் கொப்பளிக்க வேண்டும். அகப்பையில் வாய் வைக்கக் கூடாது. மறுபடி இடக்கை. மிச்சத் தண்ணீர் கைப்பிடி வழியாக வழிந்து இறங்கும்படி அகப்பையை நிமிர்த்துங்கள். அடுத்து வருபவருக்காகப் பிடியைக் கழுவி வைக்கும் இந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடிக்கும். அகப்பை இல்லாத இடத்தில் விழும் நீரில் கையை நனைத்தால் சரி.

சன்னதியில் நாணயத்தை உண்டியலில் மெதுவாக இடுங்கள். இரண்டு முறை நன்றாகக் குனிந்து வணங்கி, இரண்டு முறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, கடைசியாக ஒரு வணக்கம். இசுமோ பெருங்கோயில் போன்ற சில இடங்களில் நான்கு முறை கைதட்ட வேண்டும்.

கும்பிட்டதன் அடையாளமாகக் கோயிலில் ஏட்டில் இட்டுத் தரும் கோஷுயின் முத்திரை வேண்டுமென்றால் கும்பிட்ட பிறகு கேளுங்கள். அதற்கென்று உள்ள ஏட்டைத்தான் நீட்ட வேண்டும், சாதாரண நோட்டை அல்ல. பனிக்காலத்தில் ஒகுஷா அலுவலகம் மூடியிருக்கும், பாதையும் கனத்த பனியில் புதைந்துவிடும்.