எத்ரெத்தா கடற்கரையை வாட்டர்கலரில் வரைவது: இம்ப்ரெஷனிஸ்ட் பாணி

இம்ப்ரெஷனிஸ்ட் பாணியின் பிரெஞ்சு ஓவியர் கிளாட் மொனே 1880-களில் பிரான்ஸின் நார்மண்டி கரையிலுள்ள எத்ரெத்தாவுக்குப் போய், அங்குள்ள வெள்ளைச் சுண்ணப்பாறை வளைவுகளைத் திரும்பத் திரும்ப வரைந்தார், எண்ணெய் வண்ணத்தில். அலையில் மினுமினுப்பு வேண்டுமென்றால் எண்ணெயில் கடைசியாக வெள்ளையை எடுத்து மேலே வைத்துவிடலாம். வாட்டர்கலரில் வெள்ளை என்பது காகிதம்தான். விட்டு வைத்தால் உண்டு, பூசிவிட்டால் போச்சு.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கோல்டு பிரஸ் காகிதம், அதாவது சற்றுச் சொரசொரப்பான காகிதம் வாங்குங்கள், முடிந்தால் முழுப் பருத்தி. சிக்கனத்தைப் பிரஷ்ஷில் காட்டலாம், காகிதத்தில் வேண்டாம். 10-ஆம் எண் உருண்டை பிரஷ் ஒன்று, அரை அங்குலத் தட்டை பிரஷ் ஒன்று போதும். நிறங்கள்: கோபால்ட் நீலம், அல்ட்ரமரீன் (அடர் நீலம்), விரிடியன் (நீலம் கலந்த பச்சை), பர்மனென்ட் ரோஸ், எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). கறுப்பு ட்யூப் பெட்டியிலேயே தூங்கட்டும்.

1. தொடுவானக் கோடு மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில். இடப்பக்கம் பாறை, அதன் வளைவு, அதற்கு வலப்புறம் கடலில் தனியாக நிற்கும் ஊசிப் பாறை. பென்சில் அவ்வளவுதான்.

2. வானத்தை நனைத்து மெல்லிய கோபால்ட், தொடுவானத்தருகே துளி ரோஸ். பாதி காய்ந்த பிறகு ஈரப் பிரஷ்ஷால் தொடாதீர்கள், காலிஃபிளவர் மாதிரி சுருள் விளிம்புக் கறை பூத்துவிடும்.

3. பாறையின் நிழலுக்குச் சாம்பல் வேண்டாம். கோபால்ட்டும் ரோஸும் கலந்த ஊதாவைப் பூசி, ஈரம் இருக்கும்போதே அங்கங்கே ஓக்கரைத் தொட்டு விடுங்கள். வெயில் படும் விளிம்பு வெறும் காகிதம்.

4. கடல். என்னை அதிகம் படுத்திய இடம் இது. முதல் நீலத் தீற்றல் அழகாக விழும். பக்கத்தில் பச்சை, அதற்குப் பக்கத்தில் ஊதா. மூன்றும் ஈரத்தில் கைகோத்து ஒரே சேற்று நிறமாகிவிடும். தீற்றல்கள் தனித்தனியாகத் தெரிந்தால்தான் இந்தப் பாணி. எனவே ஒரு சுற்றுக்கு ஒரே நிறம். முதலில் வெளிறிய விரிடியனில் கிடைமட்டத் தீற்றல்கள், இடையிடையே வெள்ளை இடைவெளி. முழுக்கக் காய்ந்ததும் கோபால்ட், முன்னதை ஓரளவே மூடும்படி. மறுபடி காயவிட்டுக் கடைசியில் கொஞ்சம் ஊதா. தூரத்தில் தீற்றல் குட்டை, நெருக்கம். கரையருகே நீளம், அகலம். பிரஷ்ஷைத் துணியில் ஒற்றிவிட்டுச் சாய்த்து இழுத்தால், காகிதத்தின் சொரசொரப்பே மினுமினுப்பைத் தந்துவிடும். காகிதத்தில் கஞ்சத்தனம் வேண்டாம் என்றது இதற்காகத்தான்.

5. எத்ரெத்தாவில் கரை மணல் அல்ல, கூழாங்கல். மஞ்சள் பூசிவிடாதீர்கள். அல்ட்ரமரீனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் வரும் சாம்பலில் பொடிப்பொடித் தொடுகைகள் போதும்.

மனிதர்கள் வேண்டுமா? மொனேயைத் திறந்தவெளியில் வரையத் தூண்டிய ஓவியர் எஜேன் பூதேன், அதே நார்மண்டியின் துரூவில் கடற்கரையில் போட்ட சின்ன வாட்டர்கலர்களைத் தேடிப் பாருங்கள். முகமே கிடையாது, பாவாடைக்கு ஒரு தீற்றல், குடைக்கு ஒரு தீற்றல்.

பின்சேர்க்கை: வெள்ளை குவாஷ் (அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டி நீர்வண்ணம்) வைக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். படகின் பாயில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கடல் முழுக்கத் தெளித்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும்.

மழைக்காலத்தில் காயவே மாட்டேன் என்கிறது என்றும் ஒருவர் எழுதியிருந்தார். புறங்கையைக் காகிதத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். ஹேர் டிரையர் பிடிக்கலாம், ஆனால் மேலே நிற்கும் தண்ணீர் வற்றிய பிறகு. அதற்கு முன் பிடித்தால் காற்று வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய், விட்டு வைத்த வெள்ளையில் சேர்த்துவிடும்.